ஹாட்ஸ்பாட் இருக்கிறது, இணையம் வரவில்லை: எங்கே தேடுவது?

திறன்மிகு வகுப்பறைத் திரையில் காணொளி தொடங்காமல் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மடிக்கணினியின் மூலையில் வைஃபை குறி முழுமையாகத் தெரிகிறது. ஆசிரியரின் கைப்பேசியில் வாட்ஸ்அப் செய்திகள் தடையின்றி வருகின்றன. கைப்பேசியை அணைத்துப் போடுகிறோம். மடிக்கணினியை அணைத்துப் போடுகிறோம். கடவுச்சொல்லை மறுபடி தட்டுகிறோம். நாற்பது நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் இப்படியே போய்விடுகிறது. சில நாள் தானாகச் சரியாகிறது. ஏன் சரியானது என்று தெரியாததால், அடுத்த முறை அதே பத்து நிமிடம் மீண்டும் போகிறது.

2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. 2023இல் மணற்கேணி செயலி வெளியானது. 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள் வழங்கப்பட்டன. எமிஸ் பதிவு, வளரறி மதிப்பீடு, பாடநூலின் கியூ.ஆர். குறியீடு என அன்றாட வேலை பலவற்றுக்கும் இணையம் வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வழியே இணையம் கொண்டுசெல்லும் பாரத்நெட் பணி நடந்துவருகிறது. அந்த இழை ஊராட்சி அலுவலகத்துக்கு வந்த பிறகும், நம் வகுப்பறைச் சுவருக்குள் வந்து சேர வேண்டிய தூரம் ஒன்று மிச்சமிருக்கும். அதுவரை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டு ஊர்களில் பணியாற்றும் ஆசிரியருக்குத் தன் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கும் கைப்பேசிதான் பள்ளியின் இணைய நிலையம்.

அந்த நிலையம் பழுதானால் எந்த வரிசையில் தேடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ‘ரூட்’ செய்யப்பட்ட கைப்பேசிகளில் மட்டும் வரும் சிக்கல்களையும், அத்தகைய கைப்பேசியைப் பள்ளி வேலைக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியையும் பிற்பகுதியில் பார்ப்போம்.

கண்மாய் முதல் வயல் வரை

கண்மாய்ப் பாசனம் நம் மாணவர்களுக்கும் தெரிந்ததுதான். கண்மாயில் தண்ணீர் இருக்க வேண்டும். மடை திறந்திருக்க வேண்டும். வாய்க்கால் தூர்ந்திருக்கக் கூடாது. வயலின் வாய்மடை அடைபட்டிருக்கக் கூடாது. கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நீர்ப்பாய்ச்சி வயலில் நின்றுகொண்டு யோசிப்பதில்லை. கண்மாயிலிருந்து நடந்து வருவார். தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கேதான் பழுது.

ஹாட்ஸ்பாட்டும் இப்படித்தான். இதில் ஐந்து கண்ணிகள் உள்ளன.

1. கைப்பேசிக் கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு இணையம் வருவது.
2. கைப்பேசி ஒரு சிறு வைஃபை நிலையமாக மாறி, மடிக்கணினியோடு இணைவது.
3. இணைந்த மடிக்கணினிக்குக் கைப்பேசி ஓர் எண் முகவரி வழங்குவது. இதை ஐ.பி. முகவரி என்கிறோம்.
4. மடிக்கணினி அனுப்பும் கோரிக்கையைக் கைப்பேசி தன் பெயரில் வெளியே அனுப்பி, வரும் பதிலை உரிய கருவிக்குத் திருப்பித் தருவது.
5. நாம் தட்டும் இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ‘பெயர்ப் பதிவேடு’ வேலை செய்வது. இதை டி.என்.எஸ். என்கிறோம்.

வைஃபை குறி முழுமையாகத் தெரிவது இரண்டாம் கண்ணி நலமாக இருப்பதற்கு மட்டுமே சான்று. மற்ற நான்கைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. குறி தெரிந்தும் இணையம் வராததற்குக் காரணம் இதுதான்.

முதல் கண்ணி: கைப்பேசிக்கு இணையம் வருகிறதா?

வாட்ஸ்அப் செய்தி வருவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். உரைச் செய்திக்கு மிகக் குறைந்த டேட்டா போதும். கைப்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, உலாவியில் இதுவரை திறக்காத ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது திறக்காவிட்டால் மடிக்கணினியைத் தொடவே வேண்டியதில்லை. பழுது கைப்பேசிப் பக்கம்தான்.

அங்கே பார்க்க வேண்டியவை மூன்று.

*அன்றைய டேட்டா அளவு.* நாள்தோறும் இவ்வளவு ஜி.பி. என்னும் திட்டங்களில் அந்த அளவு தீர்ந்தால் இணையம் முற்றிலும் நிற்பதில்லை. வழக்கமாக நொடிக்கு 64 கிலோபிட் வேகத்துக்கு இறங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு எம்.பி. என்பது ஏறத்தாழ 8,000 கிலோபிட். 64ஆல் வகுத்தால் 125 நொடி. மூன்று எம்.பி. உள்ள ஒரு பக்கம் திறக்க ஆறு நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் தளம் நம்மை வெளியேற்றிவிடும். குறுஞ்செய்தி வரும், காணொளி வராது என்றால் முதலில் இதைத்தான் ஐயப்பட வேண்டும்.

*இரட்டை சிம்.* பேசுவதற்கு ஒன்று, டேட்டாவுக்கு ஒன்று என வைத்திருப்போர், டேட்டா எந்த சிம்மில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கைப்பேசியை மீட்டமைத்த பிறகோ சிம் மாற்றிய பிறகோ இத்தேர்வு மாறிவிடக்கூடும்.

*சிக்னல் வலிமை.* திரையின் மேலே தெரியும் கோடுகள் தோராயமானவை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அமைப்புகள், கைப்பேசி பற்றி, சிம் நிலை என்று சென்றால் சிக்னல் வலிமை எண்ணாகத் தெரியும். அது குறை எண்ணாக இருக்கும். சுழிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 4ஜி இணைப்பில் −85 என்றால் நன்று. −110ஐத் தாண்டிப் போனால் இணைப்பு அறுந்து அறுந்துதான் வரும். வகுப்பறையில் நான்கைந்து இடங்களில் வைத்துப் பார்த்து, எண் எங்கே நன்றாக இருக்கிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி பதித்த கான்கிரீட்டும் தகரக் கூரையும் அலையைத் தடுக்கும். சன்னலோரம் பெரும்பாலும் மேலானது.

ஆனால் நம் பகுதிக்கென ஓர் எச்சரிக்கை உண்டு. சன்னலோரம் என்பது வெயிலோரமாக இருக்கக் கூடாது. கைப்பேசியை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தவே பல நிறுவனங்கள் பரிந்துரைக்கின்றன. கரிசல் நிலத்தின் பங்குனி, சித்திரை வெயில் இதைச் சாதாரணமாகத் தாண்டும். ஹாட்ஸ்பாட் இயங்கும்போது கைப்பேசி கோபுரத்தோடும் மடிக்கணினியோடும் ஒரே நேரத்தில் பேசுவதால் தானாகவே சூடாகிறது. அதோடு மின்னேற்றமும் செய்தால் சூடு இன்னும் கூடும். அளவு மீறினால் கைப்பேசி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். சில கைப்பேசிகள் ஹாட்ஸ்பாட்டையே அணைத்துவிடும். காலையில் வேலை செய்து பிற்பகலில் நின்றுபோகும் இணைப்புக்குச் சூடு ஒரு காரணமாக இருக்கலாம். உறையைக் கழற்றி, நிழலில், காற்றுப்படும் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாம் கண்ணி: மடிக்கணினிக்கு ஹாட்ஸ்பாட் தெரிகிறதா?

ஹாட்ஸ்பாட் பொத்தானே இயங்க மறுத்தால், டேட்டா சேமிப்பு வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் அது இயங்கும்போது ஹாட்ஸ்பாட் இயங்காது. மின்கலச் சேமிப்பு வசதியையும் அணைத்துப் பாருங்கள்.

ஹாட்ஸ்பாட் இயங்குகிறது, கைக்கணினிக்குத் தெரிகிறது, பழைய மடிக்கணினிக்கு மட்டும் அதன் பெயரே தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அலைவரிசை. புதிய கைப்பேசிகள் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்தக்கூடும். பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே புரியும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4ஐத் தேர்ந்தெடுங்கள். வேகம் சற்றுக் குறைந்தாலும் சுவரைத் தாண்டிச் செல்வதில் 2.4 மேலானது.

பெயர் தெரிகிறது, சரியான கடவுச்சொல் தந்தும் இணைய மறுக்கிறது என்றால், பாதுகாப்பு வகையைப் பாருங்கள். டபிள்யூ.பி.ஏ.3 என்று இருந்தால் டபிள்யூ.பி.ஏ.2க்கு மாற்றுங்கள். பாதுகாப்பே இல்லாத திறந்த இணைப்பாக மட்டும் ஒருபோதும் மாற்ற வேண்டாம்.

பாடத்தின் நடுவே இணைப்பு போய்விடுகிறதா? சிறிது நேரம் எந்தக் கருவியும் இணையாவிட்டால் ஹாட்ஸ்பாட்டைத் தானாக அணைக்கும் வசதி பல கைப்பேசிகளில் உண்டு. மடிக்கணினி உறங்கப்போனதும் அதுவும் அணைந்துவிடும். பள்ளி நேரத்தில் அவ்வசதியை நிறுத்தி வைக்கலாம்.

மூன்றாம் கண்ணி: முகவரி கிடைத்ததா?

இந்தக் கண்ணியைத்தான் நாம் அதிகம் பார்க்காமல் விடுகிறோம். மடிக்கணினியின் வைஃபை அமைப்பில், இணைந்துள்ள வலைப்பின்னலின் விவரங்களைத் திறந்தால் ஐ.பி. முகவரி தெரியும். விண்டோஸ் கணினியில் அது 169.254 என்று தொடங்கினால், கைப்பேசி முகவரி எதுவும் தரவில்லை, மடிக்கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த முகவரியோடு இணையத்துக்குப் போக முடியாது.

இரு பக்கமும் வைஃபையை அணைத்து மீண்டும் இயக்குங்கள். மடிக்கணினியில் ‘இந்த வலைப்பின்னலை மற’ என்பதைத் தேர்ந்து, புதிதாக இணையுங்கள். அப்போதும் வராவிட்டால், மடிக்கணினியில் நிலையான முகவரி பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வகத்தின் கம்பி இணைப்புக்காக முன்பு யாரோ ஒருவர் முகவரியைக் கையால் பதிந்து வைத்திருப்பார். அது அப்படியே நின்றிருக்கும். பக்கத்துத் தெருவின் கதவு எண்ணை நம் வீட்டில் எழுதி வைத்தது போன்றது அது. முகவரியையும் டி.என்.எஸ். முகவரியையும் ‘தானாகப் பெறுக’ என்று மாற்றுங்கள்.

நான்காம், ஐந்தாம் கண்ணிகள்: வெளியே போகிறதா, பெயர் புரிகிறதா?

முகவரி சரியாக இருந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் ஓர் எளிய சோதனை. விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ‘பிங்’ கட்டளையை 8.8.8.8 என்ற முகவரிக்குக் கொடுங்கள். அது கூகுள் நிறுவனத்தின் பொதுப் பெயர்ப் பதிவேட்டின் முகவரி. பதில் வந்தால் நான்காம் கண்ணி நலம். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் ஐந்தாம் கண்ணியில் பழுது. எண்ணுக்கே பதில் வரவில்லை என்றால் கைப்பேசி நம் கோரிக்கையை வெளியே அனுப்பவில்லை.

இந்நிலையில் கைப்பேசியில் வி.பி.என். செயலி ஏதும் இயங்கினால் அணைத்துப் பாருங்கள். பிறகு ஏ.பி.என். எனப்படும் அணுகல் முனை அமைப்பைத் திறந்து, இயல்புநிலைக்கு மீட்டமையுங்கள். கைப்பேசிக்கு மட்டும் இணையம் வந்து, பகிரும்போது வராமல் போவதற்கு அந்த அமைப்பில் உள்ள பிழையும் காரணமாகலாம்.

ஐந்து கண்ணிகளும் சரியாக இருந்து, சில தளங்கள் மட்டும் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று திறக்க மறுத்தால் மடிக்கணினியின் தேதியைப் பாருங்கள். கோடை விடுமுறை முழுவதும் பீரோவில் கிடந்த மடிக்கணினியில் கடிகார மின்கலம் தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருக்கும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய தேதியில் நிற்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தினால் போதும்.

பழுதைப் பிரித்தறிய இரு வழிகள்

முதலாவது, யூ.எஸ்.பி. கம்பி. கைப்பேசியை மடிக்கணினியோடு கம்பியால் இணைத்து, யூ.எஸ்.பி. டெதரிங் வசதியை இயக்குங்கள். கம்பி வழியே இணையம் வந்தால், பழுது வைஃபை பகுதியில்தான் என்று உறுதியாகும். அன்றைய பாடமும் நடந்துவிடும். மின்னேற்றத்துக்கு மட்டும் உதவும் மலிவான கம்பிகள் இதற்குப் பயன்படா. தரவு செல்லும் கம்பி வேண்டும்.

இரண்டாவது, ஆள் மாற்றுதல். அதே ஹாட்ஸ்பாட்டில் வேறொரு கருவியை இணையுங்கள். பிறகு அதே மடிக்கணினியை வேறோர் ஆசிரியரின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். இரண்டு சோதனையில் பழுது கைப்பேசியிலா மடிக்கணினியிலா என்று தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று அறிவியல் பாடத்தில் நாம் சொல்லும் விதி இங்கேயும் பொருந்தும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

ரூட் செய்த கைப்பேசி என்றால் என்ன?

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை உண்டு. வங்கிச் செயலியின் அறைக்குள் விளையாட்டுச் செயலி நுழைய முடியாது. எல்லா அறைகளையும் திறக்கும் ஒரே சாவி ‘ரூட்’ எனப்படும் நிர்வாகிக்கு உரியது. கைப்பேசியை விற்கும் நிறுவனம் அந்தச் சாவியைப் பயனரிடம் தருவதில்லை. அதை நாமே எடுத்துக்கொள்வதைத்தான் ரூட் செய்தல் என்கிறார்கள்.

ரூட் செய்வதற்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் பழைய உறவு உண்டு. ஆண்ட்ராய்டில் வைஃபை ஹாட்ஸ்பாட் வசதி 2010இல் வந்த 2.2 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் இணையத்தைப் பகிர விரும்பியவர்கள் கைப்பேசியை ரூட் செய்தார்கள். வசதி வந்த பின்னும் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பகிர்வதற்குத் தனிக் கட்டணம் கேட்டதால், அதைத் தவிர்க்கவும் பலர் ரூட் செய்தார்கள். பகிர்வுச் செயலிகள் தன் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்காமல் தடுத்தது பற்றிய விசாரணையை முடித்துக்கொள்ள, வெரைசன் நிறுவனம் 2012 ஜூலையில் 12.5 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. ‘ரூட் செய்தால் ஹாட்ஸ்பாட் நன்றாக வரும்’ என்ற பேச்சின் வேர் அங்கே இருக்கிறது. நம் நாட்டின் வழக்கமான முன்கட்டணத் திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆகவே ஹாட்ஸ்பாட்டுக்காக ரூட் செய்ய இன்று காரணமே இல்லை. ரூட் செய்வதால் கோபுரம் அருகில் வந்துவிடாது. தீர்ந்த டேட்டாவும் கூடிவிடாது.

நாம் ரூட் செய்யாவிட்டாலும் அப்படியான கைப்பேசி நம் கைக்கு வரலாம். கைமாறி வாங்கியது, உறவினர் கொடுத்தது, கடையில் மென்பொருள் மாற்றியது என வழிகள் பல. அடையாளங்கள் சில: இயக்கியதும் ‘பூட்லோடர் திறக்கப்பட்டுள்ளது’ என்ற எச்சரிக்கை வருவது, மேஜிஸ்க், சூப்பர் எஸ்.யூ. போன்ற செயலிகள் இருப்பது. வங்கிச் செயலி இயங்க மறுப்பது. பிளே ஸ்டோர் அமைப்புகளில் ‘பற்றி’ என்ற பகுதியில் கருவி சான்றளிக்கப்பட்டதா என்ற வரி இருக்கும். ‘சான்றளிக்கப்படவில்லை’ என்று அங்கே இருந்தால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ரூட் செய்த கைப்பேசியில் மட்டும் வரும் பழுதுகள்

மேலே சொன்ன ஐந்து கண்ணிகளையும் பார்த்த பிறகே இவற்றுக்கு வர வேண்டும்.

*தீச்சுவர்ச் செயலிகள்.* எந்தச் செயலி இணையத்துக்குப் போகலாம் என்று கட்டுப்படுத்தும் ஏ.எஃப்.வால் போன்ற செயலிகள் ரூட் சாவியோடு இயங்குபவை. அனுமதித்தவை தவிர மற்றெல்லாம் தடை என்று அமைத்திருந்தால், மடிக்கணினிக்கு முகவரி தரும் பணியும் பெயர் தேடும் பணியும் சேர்ந்தே தடைபடும். ஹாட்ஸ்பாட் இணையும், 169.254 முகவரிதான் கிடைக்கும். அல்லது முகவரி கிடைக்கும், எந்தப் பெயரும் திறக்காது. தீச்சுவரை அணைத்துப் பாருங்கள். சரியானால், அதன் பட்டியலில் டெதரிங் என்ற வரிக்கு அனுமதி கொடுக்க வேண்டும்.

*விளம்பரத் தடுப்பான்கள்.* இவற்றில் சில, கைப்பேசியின் உள்பெயர்ப் பட்டியலையே திருத்தி எழுதுகின்றன. சில கைப்பேசிகளில் அதன் விளைவு ஹாட்ஸ்பாட்டில் இணைந்த கருவிகளுக்கும் செல்லும். எல்லாத் தளமும் திறந்து, குறிப்பிட்ட ஒன்றிரண்டு மட்டும் திறக்காவிட்டால் இதை ஐயப்படலாம்.

*மாற்று இயங்குதளம்.* நிறுவனத்தின் மென்பொருளை நீக்கி வேறொன்றை நிறுவியிருந்தால், ஏ.பி.என். பட்டியல் முழுமையாக இல்லாமல் இருக்கலாம். அதன் ‘வகை’ என்ற கட்டத்தில், பகிர்வுக்கு உரிய ‘டன்’ என்ற மூன்றெழுத்துச் சொல் விடுபட்டால் கைப்பேசிக்கு இணையம் வரும், பகிர்வுக்கு வராது. மாற்றுவதற்கு முன் பழைய அமைப்பைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட் இயங்கத் தொடங்கி உடனே அணைந்துவிட்டால், அந்த மென்பொருளுக்கும் வைஃபை சில்லுக்கும் பொருத்தம் இல்லாமல் இருக்கலாம். அதற்கு அமைப்புகளில் மருந்து இல்லை, அதுவரை யூ.எஸ்.பி. கம்பிதான் வழி.

*தனி டெதரிங் செயலிகள்.* கைப்பேசியின் சொந்த ஹாட்ஸ்பாட்டும் ரூட் சாவியுள்ள வேறொரு செயலியும் ஒரே வேலைக்குப் போட்டியிட்டால் இரண்டும் நடக்காது. செயலியை நீக்கி, கைப்பேசியை அணைத்துப் போடுங்கள்.

இவற்றில் எது காரணம் என்று பிடிபடாவிட்டால் கைப்பேசியை ‘சேஃப் மோடு’ முறையில் இயக்கிப் பாருங்கள். அம்முறையில் நாம் நிறுவிய செயலிகள் இயங்கா. அப்போது ஹாட்ஸ்பாட் வேலை செய்தால், பின்னர் சேர்த்த ஏதோ ஒன்றுதான் தடை.

இந்தக் கைப்பேசியில் பள்ளி வேலை செய்யலாமா?

ஹாட்ஸ்பாட் சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. அந்தக் கைப்பேசியில் யாருடைய விவரங்கள் இருக்கின்றன?

எமிஸ் கணக்கின் கடவுச்சொல், மாணவர்களின் பிறந்த தேதி, பெற்றோரின் எண், சமூகப் பிரிவு, சில நேரம் ஆதார், வங்கிப் புத்தகத்தின் படம் வரை நம் கைப்பேசி வழியே போகின்றன. ரூட் சாவியைப் பெற்ற ஒரு தீய செயலி எல்லா அறைகளையும் திறக்கும். ஒரு சாதாரணச் செயலி படம் பார்க்க வேண்டுமென்றால் நம்மிடம் அனுமதி கேட்கும். சாவி கையில் உள்ள செயலிக்கு அந்தத் தேவை இல்லை. ரூட் செய்த கைப்பேசிகளுக்கு நிறுவனத்தின் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் முறையாக வந்து சேர்வதும் அரிது.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதோரைக் குழந்தைகள் என்று வரையறுத்து, அவர்களின் தரவுக்குத் தனிப் பாதுகாப்பைக் கோருகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஆறு வயதுப் பிள்ளையின் தாய் தன் வங்கிப் புத்தகத்தை நம்மிடம் நீட்டுவது நம்மை நம்பித்தான். நம் கைப்பேசியில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை.

ஆகவே மூன்று பரிந்துரைகள்.

ஒன்று, ரூட் செய்த கைப்பேசியில் எமிஸ் உள்ளிட்ட பள்ளிக் கணக்குகளைத் திறக்க வேண்டாம். முன்பே திறந்திருந்தால் வெளியேறி, வேறு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாணவர் ஆவணப் படங்களை நீக்குங்கள்.

இரண்டு, நெருக்கடியில் அதை இணையம் தரும் கருவியாக மட்டும் பயன்படுத்தினால், பதிவு வேலையைக் கைக்கணினியிலோ மடிக்கணினியிலோ செய்யுங்கள். பூட்டுக்குறி உள்ள தளங்களுக்கு இடையே செல்லும் செய்தி மறையாக்கம் செய்யப்பட்டது. வழியில் உள்ள கைப்பேசி அதைப் படிப்பது கடினம். பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் அதைத் தாண்டிச் செல்லாமல் நிறுத்திவிடுங்கள். இது சில நாளுக்கான ஏற்பாடு மட்டுமே.

மூன்று, நிறுவனத்தின் அசல் மென்பொருளுக்குத் திரும்புங்கள். இதில் கைப்பேசியில் உள்ள அனைத்தும் அழியும் என்பதால் முதலில் நகல் எடுக்க வேண்டும். மாற்றிய மென்பொருள் உள்ளபோதே பூட்லோடரைப் பூட்ட முயன்றால் கைப்பேசி இயங்காமலே போகக்கூடும். ஆகவே நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்திடம் கொடுப்பதே நல்லது. சாம்சங் கைப்பேசிகளில் அசல் மென்பொருளுக்குத் திரும்பினாலும் ‘நாக்ஸ்’ பாதுகாப்பு சார்ந்த சில வசதிகள் மீளாது. ரூட் செய்ய நினைப்போர் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

பள்ளி அளவில் செய்யக்கூடியவை

ஹாட்ஸ்பாட்டின் பெயரில் நம் பெயரோ கைப்பேசி எண்ணோ வேண்டாம். கடவுச்சொல் குறைந்தது எட்டு எழுத்து இருக்க வேண்டும். அதைக் கரும்பலகையில் எழுத வேண்டாம். பருவத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மடிக்கணினியில் அந்த இணைப்பை ‘அளவிடப்பட்ட இணைப்பு’ என்று குறித்தால், விண்டோஸ் புதுப்பிப்புகள் பெரும்பாலும் நம் அன்றாட டேட்டாவை விழுங்காமல் நிற்கும். தீக்ஷா செயலியில் தேவையான பாடப்பொருளை முன்பே பதிவிறக்கி வைத்தால், இணைப்பு இல்லாத நாளிலும் பாடம் நிற்காது.

இன்னொன்று, ஒரு குறிப்பேடு. தேதி, பாடவேளை, எந்தக் கண்ணியில் பழுது, என்ன செய்தபோது சரியானது என நான்கு கட்டம் போதும். ஒரு பருவம் முடியும்போது பள்ளியின் உண்மை நிலை அதில் தெரியும். பழுதில் பெரும்பகுதி முதல் கண்ணியில் இருந்தால், அது ஆசிரியர் தீர்க்கக்கூடியது அல்ல. கோபுரமும் கம்பி இணைப்பும் சார்ந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வட்டார வள மையத்திலும் ‘எங்கள் பள்ளிக்கு இணையம் சரியில்லை’ என்று சொல்வதைவிட, ‘இந்தப் பருவத்தில் இத்தனை பாடவேளைகள் சிக்னல் இல்லாமல் நின்றன’ என்று எழுத்தில் கொடுப்பது வலிமையானது. ஆசிரியர் தன் சொந்தப் பணத்தில் வாங்கும் டேட்டா எவ்வளவு என்பதும் அப்போதுதான் பிறர் கண்ணில் படும்.

வகுப்பில் ஒரு செயல்பாடு

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இதை விளையாட்டாக நடத்தலாம். ஐந்து மாணவர்கள் வேண்டும்: மடிக்கணினி, கைப்பேசி, கோபுரம், பெயர்ப் பதிவேடு, இணையதளம். முதலில் கைப்பேசியாக இருப்பவர் மடிக்கணினிக்கு ஓர் எண் அட்டை கொடுக்க வேண்டும். மடிக்கணினி தான் தேடும் தளத்தின் பெயரைச் சீட்டில் எழுதித் தரும். சீட்டு கைப்பேசி, கோபுரம் வழியே பெயர்ப் பதிவேட்டுக்குப் போய், எண் முகவரியோடு திரும்பும். பிறகு அந்த எண்ணோடு கோரிக்கை இணையதளத்துக்குப் போய், பதில் வந்த வழியே வர வேண்டும்.

ஒரு சுற்று முடிந்ததும் ஆசிரியர் ஒருவரை மட்டும் ரகசியமாக ‘வேலை நிறுத்தம்’ செய்யச் சொல்லட்டும். எண் அட்டை வரவில்லையா, சீட்டு திரும்பவில்லையா, பெயர் புரியவில்லையா என்று பார்த்து, யார் நிறுத்தியது என்பதை மற்ற மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஊகித்துச் சொல்பவருக்கு மதிப்பெண் இல்லை. எந்தச் சோதனையால் கண்டுபிடித்தேன் என்று சொல்பவருக்கே மதிப்பெண். இரண்டு சுற்று முடிந்தால், அடுத்த முறை திரையில் வட்டம் சுற்றும்போது ‘முகவரி வந்துச்சான்னு பாருங்க டீச்சர்’ என்று ஒரு மாணவியே சொல்லக்கூடும்.